கிருஷ்ணகிரியிலிருந்து மாலத்தீவு: உள்ளூர்ப் பயண அலுவலகம் போட்டுக் கொடுத்த குடும்பத் திட்டம் எப்படி இருந்தது?

கிருஷ்ணகிரியில் பெங்களூரு சாலையை ஒட்டியுள்ள ஒரு பயண அலுவலகம் வழியாக, ஏப்ரல் விடுமுறையில் குடும்பத்தோடு மாலத்தீவு சென்று வந்தோம். நானும் மனைவியும், பத்து வயது மகளும், ஆறு வயது மகனும், என் அம்மாவும் சென்றோம். அந்த அலுவலகத்தின் பெயரை எழுதப் போவதில்லை. இங்கே நான் சொல்லும் குறைகள் தருமபுரியிலும் ஓசூரிலும் இதே தொழில் செய்யும் பலருக்கும் பொருந்துபவை. ஒருவரை மட்டும் சுட்டிக்காட்டுவது நியாயமாகாது. என் மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காகித வேலைகளுக்குப் பத்துக்கு ஒன்பது, பிள்ளைகளோடு செல்பவர்களுக்கு எந்தத் தீவு, எந்த அறை, எந்த நேர விமானம் என்று தேர்ந்தெடுத்துக் கொடுத்ததற்குப் பத்துக்கு நான்கு.

இந்த இரண்டு மதிப்பெண்களுக்கும் இடையே இவ்வளவு தூரம் இருப்பதற்கு ஒரே காரணம்தான். இந்த அலுவலகங்கள் அறையை விற்கின்றன. சிறு பிள்ளைகளோடு செல்பவர்கள் தேர்ந்தெடுக்க வேண்டியதோ தண்ணீரை. எங்கள் பிள்ளைகள் அதுவரை பார்த்த பெரிய தண்ணீர் கே.ஆர்.பி. அணையும் ஒகேனக்கல்லும்தான், இருவருக்கும் நீச்சல் தெரியாது. முதல் சந்திப்பில் எங்கள் சம்பளம், விடுமுறை நாள், ஓட்டல் நட்சத்திரம் எல்லாவற்றையும் கேட்டுக் குறித்துக்கொண்ட அலுவலகக்காரர், பிள்ளைகளுக்கு நீந்தத் தெரியுமா என்று மட்டும் கேட்கவில்லை.

முதலில் கைக்கு வந்த விலைப்பட்டியலில் கடலின் மேல் தூண்கள் நட்டுக் கட்டிய வில்லா, தண்ணீரில் இறங்கும் கடல் விமானப் பயணம், காலை இரவு இருவேளை உணவு என்று மூன்று வரிகளும், ஆளுக்கு இவ்வளவு டாலர் என்ற ஒரு எண்ணும், அந்த எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகளும் இருந்தன. அந்தக் கூட்டல் குறிகள்தான் பட்டியலிலேயே விலை உயர்ந்தவை. மாலத்தீவில் பெரும்பாலான விடுதிகள் 10 சதவீதச் சேவைக் கட்டணம் சேர்க்கின்றன. அதன் மேல் சுற்றுலாச் சரக்கு சேவை வரி, 2025 ஜூலை 1 முதல் 17 சதவீதம், விழுகிறது. ஆகவே 100 டாலர் என்று எழுதியிருக்கும் அறை கையிலிருந்து போகும்போது 128 டாலர் 70 சென்ட் ஆகிவிடும். இதற்கு வெளியே பசுமை வரி தனி. ரிசார்ட்டுகளில் ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 டாலர். மக்கள் வசிக்கும் தீவுகளில் 50 அறைகள் வரை உள்ள விருந்தினர் இல்லங்களில் 6 டாலர். இது 2025 ஜனவரி முதல் உள்ள கணக்கு. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு விலக்கு உண்டு; ஆறு வயதுப் பையனுக்குக் கிடையாது. ஐந்து பேர் கொண்ட எங்கள் குடும்பத்துக்கு ரிசார்ட்டில் ஓர் இரவுக்குப் பசுமை வரி மட்டும் 60 டாலர் என்பதை, நாங்கள் கேட்ட பிறகுதான் அவர் கால்குலேட்டரில் தட்டிக் காட்டினார். கூட்டல் குறி இல்லாத, எல்லா வரியும் படகுக் கட்டணமும் சேர்த்த, குடும்பம் முழுவதற்குமான ஒரே தொகையை ரூபாயில் எழுதித் தாருங்கள் என்று கேட்டு வாங்கிய பிறகே எங்களால் மற்ற இடங்களோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. கேட்டவுடன் முகம் சுளிக்காமல் எழுதிக் கொடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

அதே பட்டியலில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருந்தது. மாலத்தீவின் கடல் விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். அவர் போட்டிருந்த பெங்களூரு விமானமோ மாலை நேரத்தில் தலைநகர் மாலேயில் இறங்குவது. அப்படியானால் முதல் இரவு எங்கே தங்குவது என்று என் மனைவி கேட்டபோது அவரிடம் பதில் இல்லை; மாலேயிலோ பக்கத்துத் தீவான ஹுல்ஹுமாலேயிலோ ஓர் அறை போட்டுக்கொள்ளலாம் என்றார், அதற்கான செலவு பட்டியலில் இல்லாமலேயே. ஒருவருக்கு 20 கிலோ பெட்டியும் 5 கிலோ கைப்பையும்தான் கடல் விமானத்தில் வழக்கமான அளவு என்பதும் அப்போதுதான் தெரிந்தது. பெங்களூருவிலிருந்து மாலேவுக்கு நேரடி விமானத்தில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம்தான். அந்தக் குறைந்த தூரத்தின் பயனை, இறங்கும் நேரத்தைத் தவறாகத் தேர்ந்தெடுத்து ஓர் இரவையும் ஓர் அறை வாடகையையும் இழந்துவிட்டுத் தொலைக்க வேண்டுமா? சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள் விரைவுப் படகு எட்டும் தூரத்திலேயே தீவைத் தேடிக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. கடல் விமானத்திலிருந்து பார்த்தால் பவளத் திட்டுகள் அற்புதமாகத் தெரியும் என்கிறார்கள். அது பிள்ளைகள் வளர்ந்த பிறகு இருக்கட்டும்.

இனி அந்தக் கடல்மேல் வில்லா. விளம்பரப் படங்கள் எல்லாவற்றிலும் அதுதான் இருக்கிறது. “சார், வாட்டர் வில்லாவுல தங்காம மாலத்தீவு போய்ட்டு வந்தேன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க” என்றார் அலுவலகக்காரர். என் அம்மா படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “இந்தத் திண்ணைக்குக் கைப்பிடியே இல்லையே தம்பி, பேரன் தூக்கத்துல எழுந்து நடப்பானே” என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பல ரிசார்ட்டுகளில் அந்த வில்லாக்களின் மரத்தளத்துக்குத் தடுப்பு இருப்பதில்லை. தளத்திலிருந்து ஏணி நேராகக் கடலுக்குள் இறங்கும். குறிப்பிட்ட வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை அங்கே தங்கவிடாத ரிசார்ட்டுகளும், பெற்றோரிடம் பொறுப்புக் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு விடும் ரிசார்ட்டுகளும் உண்டு. பிள்ளைகள் இருக்கும் குடும்பம் என்று பெயர்ப் பட்டியலிலேயே தெரிந்தும், அதையே முதல் தெரிவாக முன்வைத்தது இந்தச் சேவையின் பெரிய குறை.

தண்ணீரைத் தேர்ந்தெடுப்பது என்று மேலே சொன்னேனே, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மாலத்தீவு என்பது 1,190க்கும் மேற்பட்ட சிறு தீவுகள். அவை இருபதுக்கும் மேற்பட்ட பவள வளையங்களாகக் கடலில் கிடக்கின்றன. ஒவ்வொரு தீவையும் சுற்றிப் பவளப்பாறை ஒரு விளிம்பாக நிற்க, பெருங்கடலின் அலை அந்த விளிம்பில் மோதி உடைந்துவிடுவதால், உள்பக்கத்தில் தெளிந்த, ஆழமற்ற, அலையடங்கிய லகூன் கிடைக்கிறது. படங்களில் வெளிர்நீலமாகத் தெரிவது அதுதான். ஆனால் எல்லாத் தீவுக்கும் லகூன் ஒரே அளவில் இருப்பதில்லை. சில தீவுகளில் கரையிலிருந்து சில பத்து மீட்டரிலேயே பவளப்பாறையின் விளிம்பு வந்து, அதற்கப்பால் கடல் சடாரென்று ஆழமாகிக் கருநீலமாகிவிடும். மூழ்கி மீன் பார்க்கும் பெரியவர்களுக்கு அதுதான் சொர்க்கம், ஆறு வயதுப் பையனின் தாய்க்கு அதுவே நிம்மதிக் கேடு. வேறு சில தீவுகளில் வெகுதூரம் இடுப்பளவுத் தண்ணீரும் வெறும் மணல் தரையுமாக இருக்கும். அங்கே பெரிய மீன்கள் குறைவு, ஆனால் பிள்ளைகளுக்கு அதுதான் கடல். ஒரே தீவிலும் ஒரு பக்கம் லகூனும் மறுபக்கம் ஆழமும் இருக்கலாம் என்பதால், அறை எந்தப் பக்கம் அமைகிறது என்று கேட்பது அவசியம். செயற்கைக்கோள் வரைபடத்தில் தீவின் பெயரைத் தட்டிப் பார்த்தாலே வெளிர்நீலம் எவ்வளவு அகலம் என்று தெரிந்துவிடும். இந்த வேலையை நாங்கள்தான் வீட்டில் உட்கார்ந்து செய்தோம். செய்து கொடுத்திருக்க வேண்டியவர்கள், காலை உணவில் எத்தனை வகை என்பதை மட்டும் மனப்பாடமாகச் சொன்னார்கள்.

இந்தப் பேச்சுக்குப் பிறகு உருவான இரண்டாவது திட்டம் நன்றாகவே இருந்தது. பெரும்பாலான இரவுகள் மாஃபுஷி என்னும் மக்கள் வசிக்கும் தீவில் ஒரு விருந்தினர் இல்லம். கடைசியில் தெற்கு மாலே பவள வளையத்திலேயே, விரைவுப் படகு தூரத்தில் உள்ள ஒரு ரிசார்ட்டில், மணலில் கால் வைக்கும்படி கட்டிய வில்லா. உள்ளூர்த் தீவில் தங்குவது எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு ஒத்துவருகிறது. மாலத்தீவு இஸ்லாமிய நாடு என்பதால், அங்கே வெளிநாட்டவர் நீச்சலுடையில் குளிப்பதற்கென்று ஒரு கடற்கரையை மறைப்புக் கட்டித் தனியாக ஒதுக்கியிருக்கிறார்கள். மற்ற இடங்களில் தோளும் முழங்காலும் மறைய உடுத்த வேண்டும். என் மனைவியும் மகளும் லெக்கின்ஸ், முழுக்கைச் சட்டையோடு கூச்சமில்லாமல் தண்ணீரில் இறங்கினார்கள். பக்கத்தில் உள்ளூர்ப் பெண்களும் அப்படியே உடுத்துக் குளித்துக்கொண்டிருந்தார்கள். மது அங்கே கிடையாது. பெங்களூரு விமான நிலையத்தில் வாங்கிக்கொண்டு போனால் மாலே சுங்கத்தில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். நாட்டின் முக்கியச் சிறைச்சாலையும் மாஃபுஷியிலேயே இருக்கிறது என்பதை அலுவலகம் சொல்லவில்லை. அங்கே போய்த்தான் தெரிந்தது. அதனால் சுற்றுலாப் பயணிகளுக்கு எந்த இடையூறும் இல்லை என்றாலும், அம்மாவுக்கு ஒரு முழு மாலை நேரப் பேச்சுக்கு அது போதுமானதாக இருந்தது.

காகித வேலைக்கு வருகிறேன். இதில் அந்த அலுவலகத்தை மனமாரப் பாராட்டுகிறேன். இரு பிள்ளைகளுக்கும் பாஸ்போர்ட் இல்லை. விண்ணப்பத்தை நிரப்பி, பெற்றோர் இருவரும் கையெழுத்திட வேண்டிய உறுதிமொழிப் படிவத்தைத் தயார் செய்து, பிறப்புச் சான்றிதழில் மகளின் தலைப்பெழுத்து விரிவாக்கம் என் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இல்லை என்பதை அங்கே வேலை செய்யும் பெண் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துத் திருத்த வைத்தார். சிறார் பாஸ்போர்ட்டுக்கு அரசுக் கட்டணம் 1,000 ரூபாய், செல்லுபடி பொதுவாக ஐந்து ஆண்டுகள். இதற்கு அவர்கள் கேட்ட சேவைக் கட்டணமும் நியாயமானதே. மாலத்தீவுக்கு நாம் முன்கூட்டியே விசா எடுக்கத் தேவையில்லை. ஆனால் பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இமுகா என்னும் அரசு இணையதளத்தில் ஒவ்வொருவரின் விவரத்தையும் பதிவுசெய்ய வேண்டும், திரும்பும்போதும் அப்படியே. இது முழுக்க இலவசம். இதே போலத் தோற்றம் காட்டிக் காசு கேட்கும் தளங்களும் உள்ளன. அலுவலகப் பெண் ஐந்து பேருக்கும் தானே பதிவுசெய்து, வந்த குறியீடுகளை அச்செடுத்து உறையில் போட்டு, மேலே பெயர் எழுதிக் கொடுத்தார். கூடவே தமிழில் ஒரு பக்கக் குறிப்பு: அங்கே மூன்று சதுரமுனை கொண்ட பிரிட்டிஷ் பிளக், நம் சார்ஜர் நேரடியாகப் பொருந்தாது, கடிகாரம் நம்மைவிட அரை மணி பின்னால், வழிபாட்டுச் சிலைகள் கொண்டுசெல்லத் தடை, பவளம், ஆமை ஓடு எதையும் எடுத்துவரக் கூடாது, வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரத்தில் கடைகள் மூடியிருக்கும். அம்மா தன் கைப்பையிலிருந்த சிறிய பித்தளைப் பிள்ளையாரை எடுத்துப் பூஜை அறையில் திரும்ப வைத்தது அந்தக் குறிப்பினால்தான். இப்படி ஒரு தாளை வேறு எந்தப் பயண அலுவலகமும் எங்களுக்குத் தந்ததில்லை.

காலத்தைப் பற்றியும் ஒரு இழுபறி நடந்தது. மே மாதம் போனால் அறை விலை குறையும் என்று அவர் வற்புறுத்தினார். குறைவது உண்மைதான், குறைவதற்குக் காரணம், மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கி, நவம்பர் வரை மழையும் காற்றும் கடல் கொந்தளிப்பும் கூடுவதே. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட காலம். அரையாண்டு விடுமுறை இந்தக் காலத்துக்குள்தான் வருகிறது, ஆனால் கிறிஸ்துமஸ், புத்தாண்டு இரவுகளில் பல ரிசார்ட்டுகள் கட்டாய விருந்து என்று தனித் தொகை வாங்குகின்றன. பொங்கல் விடுமுறைக்கு வானிலை மிக நன்றாக இருக்கும், நாட்கள்தான் போதாது. எங்கள் பிள்ளைகளின் பள்ளியில் ஏப்ரல் நடுவிலேயே தேர்வு முடிந்துவிட்டதால், மாதக் கடைசிக்குள் போய்த் திரும்பிவிடுவது என்று நாங்கள் பிடிவாதமாக நின்றோம். போன நாட்களில் ஒரே ஒரு பிற்பகல்தான் மழை.

இடையில் லட்சத்தீவையும் அவர் ஒரு மாற்றாகச் சொன்னார். பாஸ்போர்ட் வேண்டாம், டாலர் வேண்டாம், லகூன்கள் மாலத்தீவுக்குச் சற்றும் குறைந்தவை அல்ல. ஆனால் நுழைவு அனுமதி வாங்க வேண்டும். அகத்தி விமானத்தளம் சிறியது, அதனால் சிறிய விமானங்களும் குறைந்த இருக்கைகளும். கொச்சியிலிருந்து கப்பல் என்றால் ஓர் இரவு கடலில். கத்மத், பங்காரம் போன்ற தீவுகளில் தங்குமிடங்கள் விரல்விட்டு எண்ணக் கூடியவை. பள்ளி விடுமுறைத் தேதிக்குள் இவை எல்லாம் ஒன்றாக அமைவதற்கு உறுதி தர முடியாது என்று அவரே சொல்லிவிட்டார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

கிருஷ்ணகிரியிலிருந்து தேவனஹள்ளி விமான நிலையத்துக்குக் கார் அவர்களே ஏற்பாடு செய்தார்கள். இங்கிருந்து பெங்களூரு 90 கிலோமீட்டர்தான் என்று நினைத்து நேரம் கணக்கிடக் கூடாது. விமான நிலையம் நகரத்தின் மறுகோடியில் இருக்கிறது. ஓட்டுநர் அத்திப்பள்ளி தாண்டியதும் நெரிசல் மிகுந்த சில்க் போர்டு சந்திப்பின் பக்கம் போகாமல் சர்ஜாபூர், ஒயிட்ஃபீல்டு, ஒசகோட்டை வழியாகச் சுற்றிக்கொண்டு, சொன்ன நேரத்துக்கு முன்பே இறக்கிவிட்டார். பயணத்தின் இந்தப் பகுதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மாலே விமான நிலையம் தனித் தீவு. மாலேவுக்கும் ஹுல்ஹுமாலேவுக்கும் சாலை உண்டு, மற்ற தீவுகளுக்கு வெளியே வந்ததும் படகுத்துறைதான். மாஃபுஷி அங்கிருந்து சுமார் 27 கிலோமீட்டர். விரைவுப் படகில் முக்கால் மணிக்குள் போய்விடலாம், பொதுப் படகில் ஒன்றரை மணி நேரம். வடக்கு மாலே வளையத்துக்கும் தெற்கு மாலே வளையத்துக்கும் நடுவே வாதூ என்னும் ஆழமான கால்வாய் இருக்கிறது. அதைக் கடக்கும் நேரத்தில் கடல் லகூன் போல இராது, படகு தூக்கித் தூக்கிப் போடும். முன்வரிசையில் உட்கார்ந்தால் குலுக்கல் அதிகம், பின்னால் எஞ்சினுக்கு அருகே குறைவு. படகுப் பையன் அம்மாவைப் பார்த்ததும் சைகையாலேயே பின்னிருக்கைக்கு அழைத்துச்சென்றார். சிறுவர் அளவு உயிர்காப்புச் சட்டை படகில் இருந்தது, ஆனால் இருக்கைக்கு அடியில் எல்லாவற்றுக்கும் கீழே. கேட்டால்தான் எடுத்துத் தருகிறார்கள், கேளுங்கள்.

மறுநாள் காலை லகூனில் பிள்ளைகள் இறங்கியதைத்தான் இந்தப் பயணத்தின் உண்மையான சோதனையாக வைத்திருந்தோம். மகனின் முழங்கால் வரைதான் தண்ணீர். அடியில் மாவு போல வெள்ளை மணல். அந்த மணலில் கணிசமான பகுதி, பவளத்தைக் கொறித்துத் தின்று கழிக்கும் கிளிமீன்களின் வேலை என்று விருந்தினர் இல்லத்து இளைஞர் சொன்னதும், இருவரும் கையிலிருந்த மணலைப் பட்டென்று கீழே போட்டுவிட்டுப் பிறகு சிரித்தார்கள். சற்று நேரத்தில் துடுப்பு நுனி கறுத்த சுறாக் குட்டிகள், ஒரு முழம் நீளம் இருக்கும், வரிசையாகக் கரையோரம் வந்து திரும்பின. சுறா என்ற பேச்சைக் கேட்டே மிரளும் மகள் அசையாமல் நின்று பார்த்தாள். அசைந்தால் அவைதான் மிரண்டு ஓடுகின்றன என்பதை அரை மணிக்குள் அவளே கண்டுகொண்டாள். இத்தகைய தண்ணீரில் நம் ஊர்ப் பிள்ளைகள் பயம் தெளிவதைப் பார்க்கும்போது, செலவழித்த தொகை உறுத்தவில்லை.

ஆனால் “ஸ்நார்க்கல் கருவிகள் (தண்ணீருக்குள் பார்க்கும் கண்ணாடியும் மூச்சுக் குழாயும்) இலவசம்” என்று திட்டத் தாளில் இருந்த வரியைப் பெற்றோர்கள் நம்பிப் போக வேண்டாம். கருவிகள் இலவசம்தான், எல்லாம் பெரியவர் அளவு. ஆறு வயது முகத்தில் அந்தக் கண்ணாடியின் ஓரம் கன்னத்தில் பதியாமல் தண்ணீர் கசிந்து, இரண்டு தடவை உப்புநீர் மூக்கில் ஏறியதும் அவன் அதைத் தொடவே மறுத்துவிட்டான். தீவுக் கடையில் சிறுவர் கண்ணாடி கிடைத்தது, டாலர் விலையில். பெங்களூரு விளையாட்டுக் கடைகளில் முன்பே வாங்கி, வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் முகத்தை அமிழ்த்திப் பழக்கிக் கொண்டுபோவது மேல். உடைந்த பவளமும் விஷ முள் கொண்ட கல்மீனும் காலில் படாமலிருக்க ரப்பர் காலணி, பூமத்தியரேகைக்குப் பக்கத்து வெயிலுக்கு முழுக்கை நீச்சல் சட்டை, இவை இரண்டும் அலுவலகத்தின் தாளில் விடுபட்டுப்போன பொருட்கள். பவளப்பாறைகள் மங்கலாகவும் சில இடங்களில் வெளிறியும் இருந்தன. 1998லும் 2016லும் கடல் சூடேறிப் பெருமளவு பவளம் வெளுத்ததன் சுவடு இன்னும் இருக்கிறது. விளம்பரப் படத்தின் வண்ணத் தோட்டத்தை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். மீன்களுக்குக் குறைவில்லை.

சாப்பாட்டைப் பற்றி நாங்கள் பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை. காலையில் சூரையும் தேங்காய்த் துருவலும் வெங்காயமும் மிளகாயும் பிசைந்த மாஸ் ஹுனி, கூடவே ரொஷி என்னும் மெல்லிய ரொட்டி. நம் நாக்குக்கு உடனே பிடித்துப்போகும். அம்மா அதில் எலுமிச்சை போதவில்லை என்று மட்டும் சொன்னார். மகனுக்குத் தயிர்ச்சோறு இல்லாமல் இரவு முடியாது. சோறும் பாக்கெட் தயிரும் கிடைத்தன, மாங்காய்த் தொக்கு இங்கிருந்தே போனது. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் விருந்தினர் இல்லத்துக்கு முன்கூட்டியே எழுதிச் சொல்லிவிடுவது அவசியம், ஏனென்றால் பருப்புக் குழம்பிலும் மீன் சாறு சேர்க்கும் வழக்கம் இருக்கக்கூடும்.

கடைசியில் தங்கிய ரிசார்ட்டைப் பற்றி நிறையச் சொல்வதற்கில்லை. சுத்தம், மரியாதை, பிள்ளைகளுக்கான விளையாட்டு அறை, ஆழமற்ற சிறிய நீச்சல் குளம், எல்லாம் சொன்னபடி இருந்தன. இருவேளை உணவுத் திட்டத்தில் மதியத்துக்கு ஒரு சாதாரண நூடுல்ஸ் தட்டுக்குக் கொடுத்த தொகையில், நம் ஊரில் குடும்பமே பிரியாணி சாப்பிட்டு வந்திருக்கும். பிள்ளைகளோடு ரிசார்ட்டுக்குப் போகிறவர்கள் மூன்று வேளையும் சேர்ந்த திட்டத்தையே கேட்டு வாங்குங்கள். பெரியவர்களோடு அறையில் தங்கும் சிறு பிள்ளைகளுக்கு உணவு இலவசம் என்று வைத்திருக்கும் ரிசார்ட்டுகளும் உள்ளன. எந்த வயது வரை என்பதை எழுத்தில் வாங்க வேண்டும்.

எங்களுக்கு நேர்ந்த ஒரே பெரிய சங்கடம், மாஃபுஷியிலிருந்து ரிசார்ட்டுக்கு மாறிய நாளில் நடந்தது. செலவைக் குறைப்பதற்காக அலுவலகம் எங்களைப் பொதுப் படகில் மாலேவுக்குப் போய், அங்கிருந்து ரிசார்ட்டின் படகைப் பிடிக்கும்படி திட்டமிட்டிருந்தது. அந்த நாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பொதுப் படகு ஓடுவதில்லை. கடைகள் மூடியிருக்கும் என்று தாளில் அச்சடித்துக் கொடுத்தவர்களுக்கு, படகும் நின்றுவிடும் என்று தோன்றவில்லை. இருபத்து நான்கு மணி நேர உதவி என்று கொடுத்திருந்த வாட்ஸ்அப் எண்ணில் காலையில் அனுப்பிய செய்திக்கு நண்பகல் வரை பதில் வரவில்லை. விருந்தினர் இல்லத்து மேலாளர்தான் ஒரு விரைவுப் படகில் ஐந்து இடம் பிடித்துக் கொடுத்தார். கூடுதல் செலவு எங்களுடையது. ஊர் திரும்பி ரசீதோடு போனபோது, அலுவலகக்காரர் வாதாடாமல் பாதித் தொகையைத் திருப்பித் தந்தார். முழுவதையும் தந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. அவரிடமும் அதைச் சொன்னேன்.

பணத்தைப் பற்றிச் சில வரிகள். தொகுப்பாக வாங்கும் வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு ஜிஎஸ்டியோடு டிசிஎஸ் என்னும் முன்வரியும் பிடிக்கிறார்கள். அது செலவல்ல, உங்கள் பான் எண்ணில் ஏறி, வருமான வரிக் கணக்குத் தாக்கலில் கழிந்துவிடும் அல்லது திரும்ப வரும். ஆகவே யார் வரிக் கணக்குத் தாக்கல் செய்கிறாரோ அவர் பெயரிலேயே ரசீது போடச் சொல்லுங்கள். எங்கள் ரசீதை முதலில் அம்மாவின் பெயரில் போட இருந்தார்கள், பதிவில் மூத்தவர் என்பதால். பயணக் காப்பீடும் தொகுப்பிலேயே சேர்ந்திருந்தது, ஆனால் நீர் விளையாட்டில் ஏற்படும் காயம் அதில் அடங்காது என்று பாலிசியின் உள்பக்கத்தில் எழுதியிருந்தது. மக்கள் வசிக்கும் தீவுகளில் சுகாதார நிலையம் இருக்கிறது, பெரிய சிகிச்சைக்கு மாலேதான் என்ற நிலையில், கொஞ்சம் கூடுதலாகக் கட்டி அதையும் சேர்க்கும் பாலிசியாக மாற்றிக்கொண்டோம்.

இதே அலுவலகத்துக்கு மீண்டும் போவேனா என்று என் தங்கை கேட்டாள். அவள் தருமபுரியில் இருக்கிறாள், அடுத்த ஆண்டு தன் இரட்டைக் குழந்தைகளோடு போக எண்ணுகிறாள். பாஸ்போர்ட், விமானச் சீட்டு, பதிவுகள், கார் ஆகியவற்றுக்குத் தயங்காமல் அங்கேயே போகச் சொன்னேன். தீவையும் அறையையும் அவளே வரைபடத்தில் பார்த்துத் தேர்ந்தெடுத்து, பெயரை எழுதிக்கொண்டு போய், அதற்கு மட்டும் விலை கேட்க வேண்டும். திட்டத்தின் ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் கிழமையையும் எழுத வைக்க வேண்டும். பொங்கலை ஒட்டிப் போவதானால் ஆவணி முடிவதற்குள் முன்பணம் கட்டிவிடுவது நல்லது, பெங்களூருவிலிருந்து நேரடி விமானத்தின் பகல்நேர இருக்கைகள் அதற்குப் பிறகு விலையேறிக்கொண்டே போகும்.